ஈச்சன்விளை மெழுகுவத்தி முக்கின கதை

ஈச்சன்விளைக்காரர்கள் முட்டாள்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், சொன்னவர் மணற்குடியிருப்புக்காரராகத்தான் இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, விடுங்கள். நான் ஈச்சன்விளையில் பிறந்து ஈச்சன்விளைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில் மெழுகுவத்தி முக்கினபோது அடுப்புக்கு விறகு தள்ளியது இந்தக் கைதான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முட்டாள் யார் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சின்னது. கிறிஸ்துமஸ் பூசைக்கு வருஷா வருஷம் பக்கத்து ஊரான மணற்குடியிருப்புக்குத்தான் நடந்து போவோம். போனால் சும்மா விடுவார்களா? "ஈச்சன்விளை வந்துட்டு, கதவை இழுக்கணுமா தள்ளணுமான்னு யாராவது சொல்லிக் குடுங்கப்பா" என்பார்கள். ஒரே ஒரு வருஷம் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு பூசை முடியும்வரை வெளியே நின்றோம். அதைப் போய் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இதில் அதிகமாக மனசு நொந்தவள் திரேசம்மா. அவள் பிறந்த ஊர் மணற்குடியிருப்பு. எங்கள் ஊரில் கிணறு வெட்டும் சந்தியாகுவைக் கட்டிக்கொண்டு வந்தவள். அந்த வருஷம்தான் அவளுக்குத் தலைச்சன் பெண் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பார்க்க வந்த அவள் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, போகிற போக்கில் ஒரு சொல் சொன்னாள்.

"ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை எங்க ஊருக்கே தூக்கிட்டு வந்துரு திரேசு. உங்க ஊர் ஆளுகளை நம்பினா, பிள்ளை தலையில ஊத்துத தண்ணியைத் தொட்டிலுக்குள்ள ஊத்திருவாங்க."

திரேசம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "என் பிள்ளைக்கு ஈச்சன்விளைக் கோயில்லதான் ஞானஸ்நானம். அதுவும் கிறிஸ்துமஸ் அன்னைக்கே. நடக்கலைன்னா உங்க வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, ரெண்டு ஊருக்கும் பூசை வைக்கும் இஞ்ஞாசி சாமியாரிடம் போய் அழுதாள்.

இஞ்ஞாசி சாமி தங்கமான மனுசன். "சரி, அழாத. கிறிஸ்துமஸ் காலையில முதல்ல உங்க ஊருக்கு வாரேன். குடிலுக்கு முன்னால நீங்களே முக்கின மெழுகுவத்தி ஒண்ணு நிக்கணும். நின்னா பூசையும் ஞானஸ்நானமும் அங்கேயே. இல்லைன்னா எல்லாரும் என் பின்னால மணற்குடியிருப்புக்கு நடக்கணும்" என்றார். எங்கள் பங்கு ஊர்களில் அது பழைய வழக்கம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தந்த ஊர்க்காரர்களே மெழுகை உருக்கி, திரியை முக்கி முக்கி எடுத்து, குழந்தை இயேசுவின் குடிலுக்கு மெழுகுவத்தி செய்வார்கள். நாங்கள் மட்டும் கடையில் வாங்கி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு பெரிய மெழுகுக் கட்டியும் ஒரு நூல் கண்டும் கொடுத்து, எங்கள் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வியாகுலத்திடம் சாமி செய்முறையும் சொல்லி அனுப்பினார்.

"மெழுகுப் பாத்திரத்தை நேரா நெருப்புல வைக்காதீங்க. தண்ணிக்குள்ள இறக்கி வச்சு உருக்குங்க. திரியை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்குங்க. அதை அவசரப்படுத்தாதீங்க. கட்டைவிரல் பருமன் வந்ததும் நிறுத்திருங்க. அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும்."

முதல் சந்தேகம் சூசைமுத்துப் பெரியவருக்கு வந்தது. எந்த விஷயத்தையும் நாலு பக்கமும் யோசிப்பவர் அவர். யோசித்து முடிப்பதற்குள் விஷயம் ஐந்தாவது பக்கமாகப் போய்விடும் என்பது வேறு.

"உபதேசியாரே, குழந்தைகூடச் செய்யும்னு சாமி சொல்லிருக்காருல்லா? நம்ம ஊர்ல இப்ப குழந்தைன்னா சந்தியாகு மகதான். அது கையில குடுத்துப் பாத்திருவோமே."

கொடுத்துப் பார்த்தோம். குழந்தை நூலை வாயில் வைத்துச் சப்பியது.

"சப்புதே வே" என்றார் சூசைமுத்து.

"அப்ப இந்தக் குழந்தைக்குத் தெரியலை. வேற வழியில்லை, பெரியவங்கதான் செய்யணும்" என்று வியாகுலம் பெருமூச்சு விட்டார். திரேசம்மா நூலைப் பிடுங்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

வேலை தொடங்கியது. மெழுகை ஒரு செம்பில் போட்டு, கயிறு கட்டி, ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்குள் பதமாக இறக்கினோம். இறக்கிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் மெழுகு போட்டபடியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கெட்டியாகி இருந்தது.

"நெருப்பு இல்லாம எப்படி உருகும்?" என்றார் வியாகுலம்.

"நேரா நெருப்புல வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரே" என்றார் சூசைமுத்து.

"மெழுகுக்குத்தான வைக்கக் கூடாது? தண்ணிக்கு நெருப்பு வைக்கலாம்லா?"

"வைக்கலாம். ஆனா அடுப்புன்னா அடியில இருக்கணும். அப்ப கிணத்துக்கு அடியிலல்லா வைக்கணும்?"

எல்லோரும் சந்தியாகுவைத் திரும்பிப் பார்த்தோம். கிணற்று விஷயத்தில் அவன் சொல்வதுதான் எங்களுக்கு வேதவாக்கு. அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான், சுற்றி ஒரு நடை நடந்தான், தாடையைச் சொறிந்தான்.

"பக்கத்துல இன்னொரு கிணறு இதைவிட ஆழமா வெட்டி, அங்கன இருந்து குறுக்க குடைஞ்சா, அடுப்பு வைக்க இடம் வரும். பொங்கலுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

"கிறிஸ்துமஸ் முந்தி வருதே ஐயா?"

"சாமிகிட்ட சொல்லி அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுவோம். நல்ல மனுசன், தட்ட மாட்டாரு."

சந்தியாகு கடப்பாரை எடுக்க வீட்டுக்குப் போனான். கடப்பாரைக்குப் பதிலாகத் திரேசம்மாவோடு திரும்பி வந்தான். மறுநாள் காலையில் அவளே கல் கூட்டி அடுப்பு மூட்டினாள், பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தாள், மெழுகுச் செம்பை அதற்குள் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் மெழுகு எண்ணெயாக உருகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான்.

"கிணத்தைவிடச் சட்டி ரொம்பச் சின்னதா இருக்கே, சாமி ஒத்துக்கிடுவாரா?" என்று வியாகுலம் மட்டும் கடைசிவரை சந்தேகப்பட்டார்.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். குழந்தைக்கு ஞானஸ்நானச் சட்டை தைக்க வேண்டியிருந்ததால், "இனிமே முக்குறதுதான் பாக்கி. ஒழுங்கா முக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரேசம்மா வீட்டுக்குள் போனாள். அன்றைக்குத் தான் செய்த ஒரே தப்பு உள்ளே போனதுதான் என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

திரியை முக்கி எடுத்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டோம். ஆறவேண்டும். எல்லோரும் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சூசைமுத்து கையைத் தூக்கினார்.

"இது தப்பு. அவசரப்படுத்தக் கூடாதுன்னு சாமி சொல்லிருக்காரு. உம்ம சாப்பாட்டுத் தட்டைச் சுத்தி இப்படிப் பத்து பேர் நின்னு பாத்துக்கிட்டிருந்தா உமக்கு அவசரமா இருக்குமா இருக்காதா?"

இருக்கும். எனக்கே இருக்கும். எல்லோரும் மரியாதையாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். அது ஆறியிருக்கும் என்று தோன்றியபோது திரும்பினால், சூசைமுத்துவின் வெள்ளாட்டு வாயில் நூல் நுனி கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

வியாகுலம் பதறவில்லை. "ஆடு தின்னா என்ன? திரி ஆட்டுக்குள்ள பத்திரமா இருக்கு. ஆட்டைப் பிடிச்சு முக்குனா திரியை முக்குன மாதிரிதான்."

ஆட்டைப் பிடித்தும் விட்டோம். சூசைமுத்துதான் தடுத்தார். "பொறும் வே. கட்டைவிரல் பருமன் வந்ததும் நிறுத்தணும்னுல்லா சொன்னாரு? ஆடு இப்பவே அதைத் தாண்டிட்டே. முக்க ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே நிறுத்தியாவணும்."

அப்படி ஆடு தப்பித்தது. வேறு நூல் வெட்டினோம். ஆனால் அவர் வாயிலிருந்து கட்டைவிரல் என்று வந்ததில் அடுத்த சிக்கல் முளைத்தது. யார் கட்டைவிரல்?

ஆளுக்கு ஒன்றை நீட்டினோம். வியாகுலத்தின் விரல் வெண்டைக்காய் மாதிரி இருந்தது. "ஆண்டவருக்கு வைக்கிறதுல கஞ்சத்தனம் கூடாது" என்று எல்லோரும் சேர்ந்து சந்தியாகுவின் விரலைத் தேர்ந்தெடுத்தோம். கடப்பாரை பிடித்துப் பிடித்து உரமேறின விரல். பிள்ளைக்குத் தகப்பனும் அவன்தான். அவனை ஒரு முக்காலியில் உட்காரவைத்து விரலை நிமிர்த்தச் சொன்னோம். ஒவ்வொரு முக்குக்கும் திரியை விரல் பக்கத்தில் பிடித்து அளந்தோம்.

சூசைமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை.

"இது என்ன ஞாயம்? திரி மெழுகு பூசிக்கிட்டு நிக்கி. விரல் வெறுமனே நிக்கி. சட்டை போட்டவனையும் சட்டை போடாதவனையும் பக்கத்துல நிறுத்தி யார் குண்டுன்னு கேப்பீரா? ரெண்டையும் முக்கி அளந்தாத்தான் அளவு."

"சுடும்லா?" என்றான் சந்தியாகு.

"உன் பிள்ளைக்காகத்தானடே?"

அந்தச் சொல் போதும் அவனுக்கு. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை முக்கினான். முதல் ரெண்டு தடவை "ஸ்ஸ்" என்றான். அப்புறம் மெழுகு மேல் மெழுகு படிந்து சூடே தெரியவில்லை.

திரி ஒரு முக்கு, விரல் ஒரு முக்கு. ஆறவிட்டு அளப்போம். "கிட்ட வந்துட்டு, இன்னும் கொஞ்சம்தான்" என்பார் வியாகுலம். மறுபடி திரி ஒரு முக்கு, விரல் ஒரு முக்கு. எத்தனை முக்கினாலும் அந்தக் கொஞ்சம் மட்டும் குறையவே இல்லை. உள்ளேயிருந்து திரேசம்மா "ஆச்சா?" என்று கேட்பாள். "கிட்ட வந்துட்டு!" என்று இங்கிருந்து குரல் கொடுப்போம். இவ்வளவு நேர்மையாக அளந்து செய்த மெழுகுவத்தி உலகத்திலேயே கிடையாது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

மத்தியானம் செம்பில் மெழுகு தீர்ந்துவிட்டது.

"இப்ப மெழுகுக்கு எங்க போக?" என்று வியாகுலம் தலையில் கை வைத்தார்.

"எங்கயும் போவாண்டாம், இந்தா தொங்குதுல்லா" என்று சூசைமுத்து மெழுகுவத்தியைக் காட்டினார். நல்ல வேளை அவருக்காவது கண்ணில் பட்டது. மெழுகுவத்தியை உருக்கி அந்த மெழுகில் திரியைத் திரும்ப முக்க ஆரம்பித்தோம். திரி ஒரு முக்கு, விரல் ஒரு முக்கு.

தீர்ந்தது. திரும்ப உருக்கினோம். தீர்ந்தது. திரும்ப உருக்கினோம். ஒவ்வொரு தடவையும் செம்பில் மெழுகு குறைந்துகொண்டே போனது. எங்கே போகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆட்டின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அதைத் தள்ளிக் கொண்டுபோய்க் கட்டினோம். அப்படியும் குறைந்தது. சந்தியாகு இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணும் விளங்கலையே" என்றான்.

சாயங்காலம் திரேசம்மா சட்டையைத் தைத்து முடித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தாள். செம்பு காலி. கிளையில் வெறும் நூல் ஆடிக்கொண்டிருந்தது.

"மெழுகுவத்தி எங்க?"

எல்லோரும் ஆட்டைப் பார்த்தோம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விடிஞ்சா சாமி வந்துருவாரு. நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மணற்குடியிருப்புக்கு நடக்கணும். மதினி வாசல்ல நின்னு வாய்விட்டுச் சிரிப்பா. என் பிள்ளை காதுல முதமுதல்ல அந்தச் சிரிப்பா விழணும்?" என்று விம்மி விம்மி அழுதாள். சந்தியாகுவும் அழுதான். அழுதவன் பழக்க தோஷத்தில் வலது கையால் கண்ணைத் துடைக்கப் போய், நெற்றியில் டங்கென்று இடித்துக்கொண்டான்.

அப்போதுதான் திரேசம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என்ன கையில?"

"கட்டைவிரல்."

"யாரு கட்டைவிரல்?"

"என்னோடதுதான். காலையில இருந்து கொஞ்சம் வளந்துட்டு."

கொஞ்சமா? தேங்காய் அளவுக்கு இருந்தது. திரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அவன் கையைப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்தாள். பிறகு மெழுகை ரெண்டு கையாலும் பற்றித் திருகி இழுக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ, புருசன் விரலைப் பிடுங்குதாளே!" என்று சூசைமுத்து ஓடிவந்து சந்தியாகுவின் இடுப்பைப் பிடித்தார். அவர் இடுப்பை வியாகுலம் பிடித்தார். அவள் ஒரு பக்கம் இழுக்க, இவர்கள் ஒரு பக்கம் இழுக்க, மெழுகு பளக்கென்று கழன்றது. மூன்று பேரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"போயிட்டா?" என்றான் சந்தியாகு, கண்ணை மூடியபடி.

"கண்ணைத் திறந்து பாருங்க."

முதலில் அவள் கையிலிருந்த மெழுகுக் கட்டியைப் பார்த்தான். "எப்பேர்ப்பட்ட விரல்!" என்று அதைத் தடவிக் கொடுத்தான். அப்புறம் தன் கையைப் பார்த்தான். "ரொம்ப மெலிஞ்சு போச்சே" என்று திரும்பவும் அழுதான்.

திரேசம்மா அழுவதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. விரல் இருந்த ஓட்டையில் நூலை நிறுத்தினாள். செம்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி உருக்கி ஓட்டைக்குள் ஊற்றினாள். குண்டாக, கோணலாக, ஆனால் ஒரு மெழுகுவத்தி வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் காலையில் இஞ்ஞாசி சாமி வந்தார். எங்கள் பூசையை வேடிக்கை பார்க்கவென்றே மதினியும் அவர் பின்னாலேயே வந்திருந்தாள். சாமி குடிலுக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"சாமி சொன்ன பருமன்தான். சந்தியாகு கட்டைவிரல்" என்றார் வியாகுலம்.

சாமி சந்தியாகுவின் விரலைப் பார்த்தார், மெழுகுவத்தியைப் பார்த்தார், திரும்ப விரலைப் பார்த்தார். எங்கள் ஊருக்கு ரொம்ப வருஷமாக வந்து போகிறவர், மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"முக்கினதுதான?"

"முக்கினதுதான் சாமி. சத்தியமா முக்கினதுதான்."

"அப்ப சரி. பூசையும் ஞானஸ்நானமும் இங்கேயே" என்று சொல்லிவிட்டார். திரேசம்மா குழந்தையை அப்படியே இறுக்கி அணைத்துக்கொண்டாள். மதினி முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! எனக்கு ஒரு மாசம் சாப்பிடாவிட்டாலும் தாங்கும் போல இருந்தது.

மெழுகுவத்தியை ஏற்றினார்கள். பக்கத்தில் ஸ்டூல் மேல் வெண்கலக் கிண்ணத்தில் மந்திரித்த தண்ணீர். சாமி ஒரு சிப்பியில் தண்ணீரை மொண்டு, குழந்தையைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மெழுகு உருகி ஒழுக ஆரம்பித்தது. சந்தியாகுவின் முகம் கோணிப்போனது.

"சாமி, எரியுது!"

"என்ன எரியுது?"

"என் விரல் இருந்த இடம்!"

சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய்க் கட்டைவிரலைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுவிட்டான்.

"ஏலே, பிள்ளைக்கு வச்ச தண்ணியிலயா கை விடுத? உனக்குத்தான் சின்னதுலயே ஞானஸ்நானம் ஆயிட்டே!" என்றார் சாமி.

"ஆயிட்டு சாமி. ஆனா அன்னைக்குத் தலையிலதான ஊத்துனாங்க? விரல்ல யாரும் ஊத்தலையே. இப்பத்தான் அதுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

சாமி என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். அவர் யோசித்திருக்கக் கூடாது. சூசைமுத்து மெதுவாகத் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். வியாகுலம் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருஷமாக இதை வைத்துத்தான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறேன். இதன் மேல் ஒரு சொட்டு விழுந்திருக்குமா? தலை கிறிஸ்தவத் தலை, சரி. விரல் எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஐந்து நிமிஷத்தில் மொத்த ஊரும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. சூசைமுத்து மட்டும் நாலு பக்கமும் யோசித்துவிட்டுச் செருப்பையும் கழற்றினார். சிரிக்க வந்த மதினி கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பேசாமல் வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

சாமி மோட்டுவளையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பண்டிகை நாளும் அதுவுமாகச் சண்டை எதற்கு என்று, ஒவ்வொரு விரலிலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். மதினி விரலில் தெளித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், பிள்ளையையும் காணோம், திரேசம்மாவையும் காணோம்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. நெல் அவிக்கிற அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீரை நிறைத்து, ரெண்டு ஆள் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே திரேசம்மா. பிள்ளையின் புதுச் சட்டையை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் சாமி.

"தலையில மட்டும் ஊத்தி விட்டுராதீங்க சாமி. முழுசா முக்கி எடுத்திருங்க. பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக் குடுத்த ஊர்ல போய் விரல் விரலா நீட்டிக்கிட்டு வரிசையில நிக்க முடியுமா?"